டெஸ்ட் அலர்ட் திரும்பத் திரும்ப வருகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு ஆறு மாதம் இருந்தார். தூக்கம் வராத இரவுகளில் ஹாலில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, உள்ளூர் சேனல் ஒன்றைப் பார்ப்பார். எங்களிடம் கேபிள் கிடையாது. லைவ் டிவி ஆப் வழியாகத்தான் எல்லாச் சேனலும். ஒரு நாள் நள்ளிரவு தாண்டி டிவி கர்ர்ர் கர்ர்ர் என்று கத்தியது. புயல், வெள்ளம் போன்ற ஆபத்துகளை டிவியில் எச்சரிக்கிற அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அவ்வப்போது அனுப்புகிற டெஸ்ட் அலர்ட் அது. நான் எழுந்து வருவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட் வைத்திருந்த பையோடு கதவருகே நின்றார். "வெறும் டெஸ்ட்தான்ப்பா, போய்ப் படுங்க" என்று சொல்லி உட்கார வைத்தேன். அதே வாரத்தில் இன்னும் மூன்று முறை வந்தது. கடைசி முறை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் நாள் பதற்றத்தைவிட எனக்கு இதுதான் பயமாக இருந்தது. நிஜமாகவே ஒரு டொர்னாடோ (சுழல்காற்று) எச்சரிக்கை வந்தாலும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பார்?

அமெரிக்காவில் ஆப் வழியாக லைவ் டிவி பார்க்கிற எந்த வீட்டிலும் இது நடக்கலாம். உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறி எது என்று பார்த்து, அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். அலர்ட்டுகளை மொத்தமாக நிறுத்தும் வழி இதில் இருக்காது. வேண்டாத டெஸ்டைக் குறைப்பதும், வேண்டிய எச்சரிக்கை காதில் விழும்படி வைப்பதும்தான் நோக்கம்.

எதையும் தொடுவதற்கு முன்: இது எங்கிருந்து வருகிறது?

முதலில் எல்லோருக்கும் ஆப் மீதுதான் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஆப்பை அழித்துத் திரும்பப் போட்டேன், டிவியை ரீசெட் செய்தேன், ஒரு மாலை முழுவதும் அதிலேயே போனது. ஒரு பயனும் இல்லை, காரணம் டெஸ்ட் ஆப்பில் பிறப்பதே இல்லை.

இந்த எச்சரிக்கை அமைப்புக்கு எமர்ஜென்சி அலர்ட் சிஸ்டம், சுருக்கமாக இஏஎஸ் என்று பெயர். 1963லிருந்து இருந்த பழைய எமர்ஜென்சி பிராட்காஸ்ட் சிஸ்டத்துக்குப் பதிலாக 1997ல் வந்தது. எஃப்சிசி (தகவல்தொடர்பு ஆணையம்), ஃபீமா (பேரிடர் மேலாண்மை அமைப்பு), தேசிய வானிலை சேவை மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. ரேடியோ, டிவி நிலையங்கள், கேபிள் நிறுவனங்கள், சாட்டிலைட் சேவைகள் ஆகியவை இதில் பங்கேற்றே ஆகவேண்டும். ஸ்ட்ரீமிங் சேவைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியென்றால் உங்கள் ஆப்பில் எப்படி வருகிறது? உள்ளூர் நிலையம் தன் ஒளிபரப்பிலேயே அலர்ட்டின் எழுத்தையும் சத்தத்தையும் கலந்து அனுப்புகிறது. ஆப் அந்த ஒளிபரப்பை அப்படியே வாங்கி உங்களுக்குக் கொடுக்கிறது. குழம்பில் உப்பு கரைந்த மாதிரி, பிரித்தெடுக்க முடியாது. அதனால்தான் ஆப் செட்டிங்ஸில் எவ்வளவு தேடினாலும் "அலர்ட் வேண்டாம்" என்று ஒரு சுவிட்ச் இருக்காது.

அடுத்தது, சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். ஒரு முழு அலர்ட் நான்கு துண்டாக வரும். முதலில் பழைய டயல்-அப் மோடம் மாதிரி ஒரு வினாடி கரகரப்பு, மூன்று தடவை. அது மனிதர்களுக்கான சத்தம் இல்லை. என்ன அலர்ட், எந்த கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), எத்தனை மணி வரைக்கும் என்ற விவரத்தை இன்னொரு நிலையத்தின் கருவிக்குச் சொல்கிற குறியீடு. வழியில் கெட்டுப்போனாலும் புரியட்டும் என்றுதான் மூன்று தடவை. அப்புறம் எட்டு வினாடியோ அதற்கு மேலோ நீளும் இரட்டைச் சுருதி. 853, 960 ஹெர்ட்ஸ் இரண்டும் ஒன்றாக ஒலிப்பதால்தான் அது பல்லைக் கூச வைக்கிறது. அப்புறம் பேச்சு. கடைசியில் மூன்று குட்டிக் கரகரப்பு: "முடிந்தது" என்பதற்கான குறி.

எந்தத் துண்டு வந்தது, எது வரவில்லை என்று கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

அறிகுறி: வாரம் ஒரு முறை கரகரப்பு மட்டும், நீண்ட சுருதியும் இல்லை, பேச்சும் இல்லை

இது ரிக்வயர்டு வீக்லி டெஸ்ட், வாராந்திர டெஸ்ட். முதல் கரகரப்பும் கடைசிக் கரகரப்பும் மட்டும் போதும் என்பது விதி. டிவி திரையில் எழுத்துகூட ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் சில சேனல்களில் படம் சாதாரணமாகப் போய்க்கொண்டே இருக்கும், சத்தம் மட்டும் திடீரென்று கரகரக்கும். ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று தோன்றும். நாள், நேரம் எதுவும் நிலையாக இருக்கக் கூடாது, மாறி மாறி நடத்த வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆகவே இரவு இரண்டு மணிக்கு வந்தால் அதில் தவறு இல்லை.

செய்ய வேண்டியது எதுவும் இல்லை. வீட்டில் வயதானவர்களோ சின்னக் குழந்தையோ இருந்தால் இதன் சத்தத்தை ஒரு முறை பகலில் கேட்கும்போது சொல்லிக் காட்டிவிடுங்கள்.

அறிகுறி: மாதம் ஒரு முறை முழுசாக, பேச்சோடு வருகிறது, அதுவும் சில மாதம் பகலில், சில மாதம் இரவில்

மாதாந்திர டெஸ்ட். இதில் நான்கு துண்டும் இருக்கும். ஜனவரி, மார்ச், மே போன்ற ஒற்றைப்படை மாதங்களில் காலை 8:30க்கும் சூரிய அஸ்தமனத்துக்கும் நடுவில் நடக்க வேண்டும். இரட்டைப்படை மாதங்களில் அஸ்தமனத்துக்கும் மறுநாள் காலை 8:30க்கும் நடுவில். "பிப்ரவரியில் தூக்கத்தைக் கெடுத்தார்கள், மார்ச்சில் இல்லை, ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், அது கோளாறு இல்லை, இந்த விதிதான். மாதாந்திர டெஸ்ட் வருகிற வாரத்தில் நிலையம் தனியாக வாராந்திர டெஸ்ட் நடத்தத் தேவையில்லை.

இதற்கு மேல் எப்போதாவது நாடு முழுவதற்குமான டெஸ்ட் வரும். முதல் தடவை 2011 நவம்பர் 9 அன்று நடந்தது. 2023 அக்டோபர் 4 அன்று நடந்ததில் போன்களும் ஒரே நேரத்தில் அலறின. அது முன்கூட்டியே செய்திகளில் சொல்லப்படும்.

அறிகுறி: ஒரே நாளில் மூன்று நான்கு தடவை, சேனல் மாற்றினால் அங்கேயும்

இரவு எட்டு மணிக்கு ஒரு சேனலில் மாதாந்திர டெஸ்ட் வருகிறது. எரிச்சலில் வேறு சேனலுக்குப் போகிறீர்கள். இருபது நிமிடத்தில் அங்கேயும் அதே குரல், அதே வாசகம். மூன்றாவது சேனலிலும் அப்படியே. துரத்தி வருகிற மாதிரி இருக்கும்.

நடப்பது இதுதான். மாதாந்திர டெஸ்ட் ஒரு நிலையத்திலிருந்து கிளம்பி மற்ற நிலையங்களுக்குப் போகிறது. வாங்கிய நிலையம் அதை உடனே ஒளிபரப்ப வேண்டியதில்லை. 60 நிமிடத்துக்குள் செய்தால் போதும். ஒரு நிலையம் விளம்பர இடைவேளைக்குக் காத்திருக்கும், இன்னொன்று நிகழ்ச்சி முடியட்டும் என்று வைத்திருக்கும். நீங்கள் சேனல் மாற மாற, ஒவ்வொருவரும் தள்ளிப்போட்ட நேரத்தில் போய் மாட்டிக்கொள்கிறீர்கள். வாராந்திர டெஸ்டும் அப்படியே: நான்கு உள்ளூர் சேனல் பார்க்கிற வீட்டுக்கு வாரத்துக்கு நான்கு டெஸ்ட் வரை காதில் விழலாம். நான்குமே சரியாக நடந்தவைதான்.

சோதித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி: அடுத்தடுத்து வந்தவை ஒரே சேனலிலா, வெவ்வேறு சேனல்களிலா? வெவ்வேறு என்றால் பிரச்சினை இல்லை. ஒரே சேனல் என்றால் கீழே "ஒரே சேனலில் தினமும்" என்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: ஹாலில் ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழித்து பெட்ரூமில் ஒரு தடவை

ஆன்டெனாவில் வருவதற்கும் ஆப்பில் வருவதற்கும் இடையே அரை நிமிடத்துக்கு மேல்கூடத் தாமதம் இருக்கும். ஒரே ஆப் என்றாலும் டிவியில் ஒரு தாமதம், டேப்லெட்டில் வேறு தாமதம். யாராவது நடுவில் பாஸ் போட்டு (நிறுத்தி வைத்து)விட்டுத் தொடர்ந்திருந்தால் அவருக்கு இன்னும் பின்னால் வரும். ஒரே டெஸ்ட் வீடு முழுக்க மூன்று தடவை ஒலிக்க இதுவே போதும்.

டெஸ்ட் விஷயத்தில் இது பெரிதில்லை. நிஜமான எச்சரிக்கை என்று வரும்போது இந்தத் தாமதம் முக்கியம். பாஸ் போட்டு இருபது நிமிடம் பின்தங்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், எச்சரிக்கையும் இருபது நிமிடம் பிந்தித்தான் வரும். வானம் கறுத்திருக்கிற நாளில் "லைவ்" பட்டனை அழுத்தி நிகழ்நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரே டெஸ்ட் நிற்காமல் சுற்றிச் சுற்றி வருகிறது

கரகரப்பு, சுருதி, பாதிப் பேச்சு, மறுபடி கரகரப்பு. அல்லது ஒரே ஒரு வினாடிச் சத்தம் தட்டுத் தடுமாறி ஒலித்துக்கொண்டே இருக்கும், திரையில் டெஸ்ட் அட்டை உறைந்து நிற்கும். வீட்டில் இருப்பவர்களை நிலைகுலைய வைப்பது இதுதான், முடிவே வராது.

இரண்டு காரணம் இருக்கலாம். ஸ்ட்ரீமிங்கில் படமும் சத்தமும் சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக வரும். இணையம் தடுமாறினால் ஆப் அடுத்த துண்டு கிடைக்காமல் கையில் இருந்ததையே திரும்ப ஓட்டிவிடும். அந்த நேரம் பார்த்து டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் டெஸ்டே சுழலும். இரண்டாவது காரணம் நிலையத்தின் பக்கம்: அலர்ட் கருவி சிக்கிக்கொண்டு, முடிந்தது என்ற குறியை அனுப்பாமல் இருக்கலாம்.

பிரித்துப் பார்க்கும் வரிசை இது. சேனலை மாற்றி, பத்து வினாடி பொறுத்துத் திரும்பி வாருங்கள். நின்றுவிட்டால் ஆப்தான். நிற்கவில்லை என்றால் ஆப்பை முழுக்க மூடித் திறவுங்கள். ரிமோட்டில் ஹோம் பட்டனை அழுத்தினால் பல டிவிகளில் ஆப் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். செட்டிங்ஸில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுக்க வேண்டும், அல்லது டிவியின் பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துப் போடலாம். அதற்குப் பிறகும் சுழல்கிறதா? போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே சேனலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் அதேதான் என்றால் உங்கள் வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரு சின்ன ஆன்டெனா இருந்தால் இன்னும் தெளிவு: ஆன்டெனாவிலும் சுழன்றால் நிலையம், ஆன்டெனாவில் சரியாக இருந்து ஆப்பில் மட்டும் சுழன்றால் ஸ்ட்ரீமிங் சேவை.

ஒரு கணக்கும் நினைவில் இருக்கட்டும். தேசிய அளவிலான அவசரச் செய்தியைத் தவிர மற்ற எந்த அலர்ட்டின் பேச்சும் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடமாக ஒரே டெஸ்ட் ஓடினால் எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: எச்சரிக்கை சொல்கிற தேதியோ நேரமோ பொருந்தவில்லை

பெரும்பாலும் ரெக்கார்டிங். அலர்ட் ஒளிபரப்பிலேயே கரைந்து வருவதால், நீங்கள் ரெக்கார்ட் செய்த நிகழ்ச்சியிலும் அது பதிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வந்த வெள்ள எச்சரிக்கையை வியாழக்கிழமை பார்த்துப் பதறுவது இப்படித்தான். அதே நிகழ்ச்சியை வீட்டில் நாலு பேர் நாலு நாளில் பார்த்தால் ஒரே டெஸ்ட் நாலு தடவை வரும்.

கீழே ஓடுகிற எழுத்தை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். யார் வெளியிட்டது, என்ன வகை, எந்தெந்த கவுன்டி, எத்தனை மணிவரை என்று இருக்கும். பல நிலையங்களில் கடைசியில் எந்த நிலையத்திலிருந்து வந்தது என்பதும் இருக்கும். "ரிக்வயர்டு வீக்லி டெஸ்ட்" அல்லது "ரிக்வயர்டு மந்த்லி டெஸ்ட்" என்று இருந்தால் கவலையை விடுங்கள். "டெஸ்ட்" என்ற சொல்லே இல்லை என்றால், நேரம் பழையதாக இருந்தாலும் ஒரு முறை போனையோ வானிலை சேவையின் தளத்தையோ பார்த்துவிடுவது நல்லது. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று தவறான எச்சரிக்கை போய், அது தவறு என்ற திருத்தம் வர 38 நிமிடம் ஆனது. அலர்ட் வந்தால் உடனே பாதுகாப்பான இடத்துக்கு நகருங்கள், நகர்ந்துகொண்டே இரண்டாவது வழியிலும் சரிபாருங்கள்.

அறிகுறி: கவுன்டி பெயர் நம் ஊர் இல்லை

ஆப் உங்களை வேறு ஊரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. வீடு மாறி வந்தவர்களுக்கும், இருக்கிற இடத்தை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டிருப்பவர்களுக்கும், வேறு மாநிலத்தில் இருக்கிற பிள்ளையின் கணக்கைப் பயன்படுத்தும் பெற்றோருக்கும் இது சகஜம். பழைய ஊரின் உள்ளூர் சேனல்களே வந்துகொண்டிருக்கும், அதனால் பழைய ஊரின் டெஸ்டும் எச்சரிக்கையும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். டெஸ்ட் தொல்லைக்காகச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் டொர்னாடோ வரும்போது டிவி வாயே திறக்காது, ஐந்நூறு மைல் தள்ளி இருக்கிற ஊரின் மழையைப் பற்றிச் சொல்லும். விபிஎன்னை அணையுங்கள். ஆப் செட்டிங்ஸில் லொகேஷன் அல்லது ஹோம் ஏரியா என்ற இடத்தில் இப்போதைய முகவரிக்கு மாற்றுங்கள். டிவியில் இடத்தை அறிய வழி இல்லாததால் போனில் அதே கணக்கைத் திறந்து உறுதிசெய்யச் சொல்லலாம். சில சேவைகள் ஹோம் ஏரியாவை வருடத்துக்குச் சில தடவைதான் மாற்ற விடும், அதனால் ஊருக்குச் சும்மா போய் வருகிறபோது மாற்றாமல், உண்மையாகவே குடிபெயர்ந்தால் மாற்றுங்கள்.

பெரிய ஊர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரே டிவி நிலையம் பத்து, இருபது கவுன்டிக்கு ஒளிபரப்பும். பக்கத்து மாநிலத்தின் கவுன்டிகூட அதில் இருக்கலாம். அந்தப் பெயர்கள் வந்தால் அது இயல்புதான்.

அறிகுறி: டெஸ்ட் முடிந்த பிறகு சத்தம் வரவில்லை, அல்லது சப்டைட்டில் போய்விட்டது

நிகழ்ச்சி 5.1 ஒலியில் இருக்கும், டெஸ்ட் ஸ்டீரியோவில் வரும். இந்த மாற்றத்தில் சில சவுண்ட்பார்களும் ரிசீவர்களும் திணறி ஊமையாகிவிடும். சேனல் மாற்றித் திரும்பினால் சரியாகும். அடிக்கடி நடந்தால் டிவியின் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று வையுங்கள். சப்டைட்டிலை அணைத்துப் போட்டால் அதுவும் திரும்பும்.

சத்தம் தூக்கிவாரிப் போடுகிறது என்றால் நைட் மோட், ஆட்டோ வால்யூம் போன்ற பெயரில் டிவியிலேயே ஒரு வசதி இருக்கும். அது அலர்ட்டை நிறுத்தாது, உச்சத்தை மட்டும் அடக்கும். அப்பாவுக்காக நான் இதைத்தான் முதலில் போட்டேன்.

கேபிள் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சில கேபிள் சேவைகளில் அலர்ட் வந்ததும் பாக்ஸ் தானாக அலர்ட் சேனலுக்குத் தாவி, முடிந்ததும் திரும்பும். திரும்பாமல் அங்கேயே நின்றால் பாக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அறிகுறி: லைவ் சேனலே பார்க்கவில்லை, சினிமா பார்க்கும்போது வருகிறது

நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்களில் உள்ளூர் நிலையம் எதுவும் இல்லை, ஆகவே இஏஎஸ் டெஸ்ட் வர வழியும் இல்லை. சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது. போனைப் பாருங்கள்: போனில் வரும் அவசர அலர்ட்டும் அதே இரட்டைச் சுருதியைத்தான் பயன்படுத்துகிறது. மாநில, உள்ளூர் டெஸ்ட் செய்திகள் நீங்கள் ஆன் செய்தால்தான் போனில் வரும். யாரோ விளையாட்டாக ஆன் செய்திருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அடிவரை இறங்கினால் இருக்கும். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு, அவசரம் சம்பந்தப்பட்ட பகுதியில் வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ் என்று இருக்கும். டெஸ்ட் சுவிட்சை மட்டும் அணையுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள்.

வானிலை சேவையின் எச்சரிக்கைகளை ஒலிக்கிற வானிலை ரேடியோவை அலமாரியில் மறந்து வைத்திருந்தால் அதுவும் இப்படிக் கத்தும். அதற்கும் வாராந்திர டெஸ்ட் உண்டு, பல இடங்களில் புதன்கிழமை மதியத்துக்கு முந்தைய மணி நேரத்தில்.

விளம்பரத்திலோ படத்திலோ அந்தச் சத்தம் வந்தால்? நிஜ அவசரமோ முறையான டெஸ்டோ இல்லாமல் அந்தச் சுருதியை ஒளிபரப்புவது விதிமீறல். 2014ல் ஒரு சினிமா விளம்பரத்தில் அதைப் பயன்படுத்தியதற்காக மூன்று ஊடக நிறுவனங்களுக்கு எஃப்சிசி மொத்தம் 19 லட்சம் டாலருக்கு மேல் அபராதத்தை முன்மொழிந்தது. மக்கள் அந்தச் சத்தத்துக்கு மரத்துப்போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடுமை.

அறிகுறி: டெஸ்டே வருவதில்லை

தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். நீங்கள் பார்ப்பது எல்லாம் நாடு முழுவதற்குமான சேனல்களும் சினிமா ஆப்களும் என்றால் உள்ளூர் எச்சரிக்கையும் டிவியில் வராது. உங்களுக்குப் போன் அலர்ட்தான் ஒரே வழி, அதையும் இரவில் வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குகிறோம். பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்றைப் படுக்கை அறையில் வைத்து, உங்கள் கவுன்டிக்கு மட்டும் ஒலிக்கும்படி அமைத்துவிடுங்கள். எந்த ஆப்பையும் இணையத்தையும் அது நம்பி இல்லை. கரன்ட் போன இரவில் வீட்டில் பேசுவது அது ஒன்றுதான்.

அறிகுறி: ஒரே சேனலில் தினமும், அல்லது ஒரே இரவில் இரண்டு தடவை

சேனல் ஒன்று, ரெக்கார்டிங் இல்லை, கவுன்டி சரி, ஆப் சுழலவில்லை. அப்படியும் வாரத்தில் இரண்டு மூன்று டெஸ்ட் என்றால் நிலையத்தில் ஏதோ சரியில்லை. கருவியை மாற்றுகிறபோதும் பழுது பார்க்கிறபோதும் கூடுதல் டெஸ்ட் நடத்துவது உண்டு. ஓரிரு நாள் என்றால் விட்டுவிடலாம். ஒரு வாரத்தைத் தாண்டினால் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்ட்ரீமிங் சேவையின் உதவி மையத்துக்கு எழுதினால் "கேஷை அழியுங்கள்" என்று பதில் வரும். அவர்கள் கையில் எதுவும் இல்லை. நிலையத்திடம் நேராகப் போங்கள். ஒவ்வொரு மணி நேரத்தின் தொடக்கத்தையும் ஒட்டி நிலையம் தன் அழைப்பெழுத்தை, அதாவது தன்னை அடையாளம் காட்டுகிற எழுத்துப் பெயரைக் காட்டும். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் டபிள்யூ, மேற்கே கே என்ற எழுத்தில் தொடங்கும். அந்தப் பெயரில் தேடினால் தொலைபேசி எண் கிடைக்கும். உள்ளூர் எண்ணோ கட்டணமில்லா எண்ணோ வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. செய்திப் பிரிவை விட்டுவிட்டு இன்ஜினியரிங் பிரிவைக் கேளுங்கள்.

கேட்பதற்கு முன் குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். "எப்போ பார்த்தாலும் வருது" என்று சொன்னால் அவர்களால் தேட முடியாது. ஒவ்வொரு நிலையமும் தான் வாங்கிய டெஸ்ட், அனுப்பிய டெஸ்ட் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உங்கள் குறிப்பில் நிமிடம் இருந்தால் அவர்கள் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்துவிடுவார்கள். நான் எழுதி அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"செவ்வாய் இரவு 1:12, கரகரப்பு மட்டும், எழுத்தில் வீக்லி டெஸ்ட். புதன் இரவு 1:12, அதே. வியாழன் இரவு 1:12, அதே. வெள்ளி மாலை 4:40, அதே, ஆனால் எழுத்து இல்லை. ஆப் வழியாகப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை ஆன்டெனாவிலும் பார்த்தேன், அங்கேயும் வந்தது. வீட்டில் 74 வயதுக்காரர் இருக்கிறார். இப்போது சத்தம் வந்தால் அவர் எழுந்திருப்பதில்லை."

பதில் வராவிட்டால் எஃப்சிசியின் நுகர்வோர் புகார்ப் பக்கத்தில் இதையே பதியலாம், அல்லது 1-888-225-5322 என்ற எண்ணில் சொல்லலாம். டெஸ்டாக இல்லாமல் நிஜ எச்சரிக்கை மாதிரியே ஒன்று தவறாகப் போயிருந்தால் அது வேறு விஷயம்: தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் நிலையமே எஃப்சிசிக்குச் சொல்ல வேண்டும். அப்படி ஒன்றைப் பார்த்தால் காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள்.

எனக்கு எஃப்சிசி வரைக்கும் போக வேண்டி வரவில்லை. மூன்றாம் நாள் நிலையத்தின் இன்ஜினியர் போன் செய்தார். புதிதாக வைத்த கருவியில் டெஸ்ட் அட்டவணை வாரம் ஒரு முறை என்பதற்குப் பதில் தினமும் என்று பதிந்திருந்ததாம். அது தெரியாமல், வெள்ளிக்கிழமை ஷிஃப்டில் இருந்தவர் வழக்கம்போல் கையாலும் ஒன்று அனுப்பியிருக்கிறார். "74 வயதுக்காரர் என்று எழுதியிருந்தீர்கள், அவர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். நான் போனை அப்பாவிடம் கொடுத்தேன்.